திண்ணையின் கான்செப்ட்

போன மாதம் ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேர் என் வீட்டைப் பார்க்க வந்தார்கள். திருச்சியில் கரண்ட் அதிகம் தின்னாத வீடு ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டேப் பிடித்து அளந்தார்கள். மத்தியான வெயிலில் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நின்று பார்த்தார்கள். மேற்குச் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். ஒரு பெண் வாசல் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, “சார், இந்தத் திண்ணையோட கான்செப்ட் என்ன?” என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. லால்குடிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணைக்கு ஒரே கான்செப்ட்தான். சாப்பிட்டுவிட்டு மேல்துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தாத்தா அதில் படுப்பார். அதை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு மார்க் விழாது என்பதால், “வெயில் நேராகச் சுவரில் அடிக்காமல் இருக்க விட்ட இடைவெளி” என்றேன். எழுதிக்கொண்டாள். பொய்யில்லை. ஆனால் தாத்தா கேட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார்.

எதிர்வீட்டுக்காரருக்கு வேறு சந்தேகம். ‘பசுமை வீடு’ என்று பிள்ளைகள் பேசிக்கொண்டதைக் கேட்டு, சாயங்காலம் வந்து, “உங்களுக்கு எப்படி சார் கவர்மென்ட்ல கொடுத்தாங்க?” என்று மெதுவாக விசாரித்தார். 2011இல் தமிழக அரசு ஏழைகளுக்கு 300 சதுர அடியில் சோலார் விளக்கோடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்த பசுமை வீட்டை அவர் மனதில் வைத்திருந்தார். இது என் ஓய்வூதியப் பணத்தில் கட்டியது என்று நம்பவைக்க ஒரு டம்ளர் காபி செலவாயிற்று.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நான் கட்டிய இரண்டாவது வீடு. முதல் வீட்டைப் பார்க்க எந்தக் கல்லூரியும் பிள்ளைகளை அனுப்பாது. அனுப்பியிருக்க வேண்டும், அங்கேதான் பாடம் அதிகம்.

தாத்தா வீடு கிழக்குப் பார்த்த நாட்டு ஓட்டு வீடு. ஒன்றரை அடி கனத்தில் மண் சுவர், மேலே சுண்ணாம்பு. பனங்கை மேல் மூங்கில் பரப்பி ஓடு வேய்ந்திருக்கும். நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், கொல்லையில் வேம்பும் பூவரசும். ஓட்டின் இடுக்குகள் வழியே சூடு மேலே போய்விடும், ஓடு மெல்லியது என்பதால் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், கனத்த மண் சுவர் பகல் வெயிலை உள்ளே விடவே சாயங்காலம் ஆகிவிடும். இதெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் நான் படித்துத் தெரிந்துகொண்டது. சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது, ஓட்டிலிருந்து தேள் விழும் என்பது மட்டும்.

தாத்தாவுக்கும் அந்த வீட்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. வடக்குத் தெருவில் ஒரு மச்சு வீடு இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம், “மழை வந்தா அவன் போர்த்திக்கிட்டுத் தூங்குறான், நான் அண்டா குண்டானைத் தேடுறேன்” என்பார். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். பகலிலேயே கூடத்து மூலையில் நெல் மூட்டை எது, சுருட்டி வைத்த பாய் எது என்று தெரியாது. அடுப்பங்கரையில் விறகுப் புகை சுவரைக் கறுப்பாக்கி, பாட்டியின் கண்ணைச் சிவப்பாக்கியிருந்தது. வீட்டிலேயே குளிர்ந்த இடம் தாத்தாவுக்கு, கொதிக்கிற இடம் பாட்டிக்கு. பாரம்பரியக் கட்டடக்கலையைப் புகழ்கிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். பெரும்பாலும் திண்ணைப் பக்கமாகவே நின்று புகழ்கிறார்கள்.

ஆகவே 1996இல் வங்கிக் கடன் வாங்கி, திருச்சிக்கு வெளியே மூன்று செண்ட் மனையில் வீடு கட்ட இறங்கியபோது என் கொள்கை ஒன்றுதான்: தாத்தா வீட்டில் இருந்த எதுவும் இதில் இருக்கக் கூடாது.

கொள்கையை முழுமையாக நிறைவேற்றினேன். மேற்குப் பார்த்த மனை. விலை குறைவு என்று வாங்கினேன், ஏன் குறைவு என்று கேட்கவில்லை. தெருவைப் பார்த்து ஹாலில் ஆறடி அகலத்துக்குக் கண்ணாடி ஜன்னல். அதற்கு மேலே இரண்டடி நீட்ட வேண்டிய சன்ஷேடை, எலிவேஷன் கெடுகிறது என்று முக்காலடிக்குக் குறைத்தேன். செங்கல் மிச்சம் பிடிக்க கூரையை ஒன்பதரை அடியில் இறக்கினேன். மனையில் நின்ற வேப்பமரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் போர்டிகோ போட்டேன். கார் ஏழு வருஷம் கழித்துத்தான் வந்தது. அதுவரை அந்தக் கான்கிரீட் நிழலில் என் டிவிஎஸ் 50 ஜமீன்தார் போல நின்றது.

உச்சகட்டப் புத்திசாலித்தனம் கூரையில். கான்கிரீட் போட்டு முடித்ததும் கை காலியாகிவிட்டது. மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்றார் அப்போதைய மேஸ்திரி. “அப்புறம் போட்டுக்கலாம்” என்றேன். அந்த ‘அப்புறம்’ அந்த வீட்டில் கடைசிவரை வரவில்லை.

ஐந்து அங்குலக் கான்கிரீட் பலகை பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். குடித்ததை உடனே கக்காது. சூரியன் மறைந்து, தெருவில் காற்று குளிர்ந்து, நாம் பாயை விரிக்கும் நேரம் பார்த்து மெதுவாகக் கீழே இறக்கும். முதல் கோடையிலேயே என் மனைவி இந்த இயற்பியலை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: “இந்த வீட்டுல ராத்திரி பத்து மணிக்குத்தான் மத்தியானம் வருது.”

அதற்கு நான் கண்ட தீர்வு 2003இல் ஒன்றரை டன் ஏசி. அறைக்குள் இருந்தது நாங்கள் நாலு பேர். ஏசி பாடுபட்டது தலைக்கு மேலிருந்த கான்கிரீட்டுக்காக. அது கூரையைக் குளிரவைக்கும். காலையில் சூரியன் வந்து மறுபடி காய்ச்சும். இரண்டு பேருக்கும் நடுவில் பில் கட்டுகிறவன் நான். ஒரு வீட்டை முதலில் அடுப்பாகக் கட்டிவிட்டுப் பிறகு அதற்குள் ஐஸ்பெட்டி வைக்கிற யோசனை எவ்வளவு விலையுயர்ந்தது என்பது, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மின்வாரிய அட்டையில் எழுதப்பட்டது.

பிறகு 2012 வந்தது. சென்னைக்கு வெளியே அந்த வருஷம் குடியிருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம். மின்சாரத்தை நம்பிக் கட்டிய வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது, கதவு வைத்த சூளை. இன்வெர்ட்டர் ஒரு மின்விசிறியைச் சுற்றவைக்கும். அது கூரையடிச் சூட்டை எடுத்துப் பிரித்து எல்லோருக்கும் சமமாகப் பரிமாறும். எண்பது வயது அம்மா ஒருநாள் ராத்திரி, “என்னை ஊர்ல கொண்டுபோய் விட்டுடுறா. திண்ணையில படுத்துக்கிறேன்” என்றாள்.

ஊர் இருந்தது. திண்ணை இல்லை. 2004இல் பாகப்பிரிவினை முடிந்த கையோடு தாத்தா வீட்டை இடித்துச் சித்தப்பா கான்கிரீட் வீடு கட்டிவிட்டார். எலிவேஷன் நன்றாக இருக்கிறது என்று என் வீட்டின் பிளானைத்தான் வாங்கிக்கொண்டு போனார். தாழ்வாரத் தூண்களும் வாசக்காலும் எடைக்கு ஒரு வியாபாரிக்குப் போயின.

2018இல் ஓய்வு பெற்றேன். முதல் வீட்டை விற்று, ஐந்து செண்டில் ஒரு மூலை மனை வாங்கினேன். இந்தத் தடவை மனை பார்க்கப் போகும்போது கையில் திசைகாட்டி. புரோக்கர் நான் வாஸ்து பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு, “எல்லாம் கணக்கா இருக்கு சார்” என்று உற்சாகப்படுத்தினார். நான் பார்த்தது வேறு கணக்கு. வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓட வேண்டும். அப்போதுதான் வெயில் வாங்கும் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் குட்டையாக இருக்கும். திருச்சி ஏறக்குறைய பத்தே முக்கால் பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் ஒரு தடவை, ஆவணி முதல் வாரம் முடிகிற வாக்கில் ஒரு தடவை, நடு மத்தியானத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் உச்சி வெயில் சற்றே வடக்கில் நிற்கிறது. அதாவது கோடையில் நம் வீட்டைத் தாக்குவது முதலில் கூரை வழியாக, அப்புறம் மூன்று மணிக்கு மேல் மேற்குச் சுவர் வழியாக. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் பாதி யுத்தம் முடிந்தது. முதல் வீட்டில் நான் இந்த இரண்டையும்தான் கவனமாகத் திறந்துவைத்திருந்தேன்.

கனடாவில் இருக்கிற மகன் போனில் யோசனை சொன்னான். “அப்பா, ட்ரிபிள் கிளாஸ் போடுங்க. காத்து ஒரு பொட்டு உள்ள வரக் கூடாது.” அவன் ஊரில் வீடு என்பது ஃப்ளாஸ்க். உள்ளே ஊற்றிய சூடு வெளியே போகக் கூடாது. நம் ஊரில் வீடு என்பது பந்தல். நிழல் வேண்டும், காற்று புக வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில் குழப்பினால் இரண்டும் கெடும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: ஒரே ஒரு படுக்கையறை ஃப்ளாஸ்க், அதற்கு மட்டும் ஏசி, அதன் கதவு ஜன்னலில் இடுக்கு இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் பந்தல். வீடு கட்டும்போது எடுத்த முடிவுகளில் நான் இன்றுவரை வருத்தப்படாதது இது.

அடுத்து அக்கா வந்தாள். “குடும்பத் தலைவன் தென்மேற்கு மூலையிலதான் படுக்கணும். கன்னி மூலை.” மத்தியானம் முழுக்கத் தெற்கு வெயிலும் மேற்கு வெயிலும் மாறி மாறி வறுக்கிற மூலை அது. வாஸ்து எழுதியவருக்குத் திருச்சியில் மனை இல்லை போலிருக்கிறது. ஆனால் அக்காவோடு வாதம் செய்து நான் ஜெயித்ததாக எங்கள் குடும்பத்தில் வரலாறு கிடையாது. படுக்கையறையைத் தென்மேற்கிலேயே வைத்து, மேற்குச் சுவரை ஒட்டிக் குளியலறையையும், மிச்சமிருந்த இடத்தில் தரையிலிருந்து கூரைவரை துணி அலமாரியையும் நிறுத்திவிட்டேன். வெயில் குளியலறைக்கும் என் பழைய சட்டைகளுக்கும் அடிக்கிறது. படுக்கிற இடத்துக்கு வருவதில்லை. அதோடு தண்ணீர்த் தொட்டியும் தென்மேற்கில்தான் உயரமாக வைக்க வேண்டும் என்று அதே சாஸ்திரம் சொல்லியிருந்தது. வைத்தேன். தொட்டியும் அதைத் தாங்கும் மேடையும் சரியாகப் படுக்கையறைக் கூரைக்கு நிழல். வாஸ்து செய்த குற்றத்துக்கு வாஸ்துவே பரிகாரம்.

வேலை தொடங்குவதற்கு முன் திருவனந்தபுரம் போய், லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் கண்மூடியவர். நம் செங்கல்லையும் ஓட்டையும் சுண்ணாம்பையும் நமக்குத் திரும்பக் காட்ட ஒரு வெள்ளைக்காரர் வரவேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான். அவர் பரவலாக்கிய சுவர்க் கட்டு ஒன்றை ‘ரேட் ட்ராப்’ என்பார்கள். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் பெட்டி பெட்டியாக வெற்றிடம் விழும். அதில் நிற்கும் காற்று வெயிலைச் சீக்கிரம் உள்ளே விடாது. செங்கல்லும் கால்வாசி மிச்சம்.

மேஸ்திரியிடம் படம் போட்டுக் காட்டினேன். தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

“முப்பது வருஷமா கட்டுறேன் சார். செங்கல்லைப் படுக்க வச்சுத்தான் கட்டியிருக்கேன். நீங்க நிக்க வச்சு நடுவுல பொந்து விடச் சொல்றீங்க. இதுக்குப் பேரு என்ன சொன்னீங்க?”

“எலிப்பொறிக் கட்டு.”

“எலிப்பொறியா?”

“பேர்தான் மேஸ்திரி. பார்க்க அப்படி இருக்கும்.”

“அது பொறின்னு எலிக்குத் தெரியுமா சார்?”

முழு வீட்டுக்கும் அப்படிக் கட்ட எனக்கும் துணிச்சல் வரவில்லை. பில்லர் போட்ட வீடு. மேற்கு, தெற்குச் சுவர்களுக்கு மட்டும் எலிப்பொறி என்று சமாதானம் ஆயிற்று. நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நிறுத்தி வைத்தால் கலவையைத் தின்றுவிடும். சேம்பர் செங்கல்லைப் பொறுக்கி எடுத்தோம். முதல் இரண்டு நாள் வேலை ஆமை வேகம். மூன்றாம் நாள் மேஸ்திரி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். கூலி கூடிப்போனதால் செங்கல்லில் மிச்சம் பிடித்த பணம் அப்படியே அங்கே கரைந்தது. இந்த வகை வீடு மலிவு என்று யாராவது சொன்னால், பழக்கப்பட்ட கொத்தனார் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். எலி வரவில்லை. ஆனால் அந்தச் சுவரில் எங்கே ஆணி அடித்தாலும் டிரில் பொந்துக்குள் போய்ச் சுற்றுகிறது. டிவியை வேறு சுவரில் மாட்டியிருக்கிறோம்.

கூரைக்கு வந்தபோது நிஜமான சண்டை. ஹாலுக்கு ஃபில்லர் ஸ்லாப் போடலாம் என்றேன். கம்பிகளுக்கு நடுவே கட்டம் கட்டமாகப் பழைய மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து, மேலே கான்கிரீட் போடுவது. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. கூரைப் பலகை பாரத்தில் வளையும்போது அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கே பாரத்தைச் சுமப்பது கம்பி. கான்கிரீட் சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. வங்கியில் 34 வருஷம் இருந்தவனுக்கு இந்தத் தத்துவம் உடனே புரிந்துவிட்டது. மேஸ்திரிக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன், நம்பவில்லை. எஞ்சினியர் கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்த தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கான்கிரீட் போட்டார். இப்போது ஹாலில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாகச் சிவப்பு ஓடு தெரியும். வருகிறவர்கள் ‘இன்டீரியர் யார் பண்ணினது?’ என்கிறார்கள்.

ஸ்லாபுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் என்றபோது மட்டும் மேஸ்திரி முகம் மலர்ந்தது. வடக்குத் தெரு மச்சு வீட்டின் தளம் அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி வைத்து, அதற்கு மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பைப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள் கணக்கில் அடிப்பார்கள். “எங்கம்மா அடிச்சிருக்கு சார்” என்றார் மேஸ்திரி. “பத்துப் பொம்பளைங்க வரிசையா உக்காந்து, கட்டையால, பாட்டுப் பாடிக்கிட்டு. கூலியை விடக் கடுக்காய்த் தண்ணி நாத்தம்தான் ஞாபகம் இருக்குமாம்.” எனக்கு அவ்வளவு நாளும் இல்லை, அவ்வளவு பேரும் இல்லை, பாட்டும் இல்லை. மூன்று அங்குலத்துக்குப் போட்டு, வாட்டம் பார்த்து, வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் பதித்தோம். 1996இல் ‘அப்புறம்’ என்று விட்டதை வட்டியோடு கட்டினேன்.

ஜன்னலில் கடைக்காரர் என்னை ஸ்லைடிங் யூபிவிசிக்கு இழுத்துக்கொண்டு போகப் பார்த்தார். இரண்டு கதவு ஸ்லைடிங்கை எவ்வளவு திறந்தாலும் பாதிதான் திறக்கும். நாலடி ஜன்னலுக்குக் காசு கொடுத்து இரண்டடிக் காற்று வாங்குகிற வியாபாரம். 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்கிற வீட்டுக் கட்டட விதி, வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களுக்கு, ஜன்னல் கதவுகள் நிஜமாகத் திறக்கிற பரப்பு வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கச் சொல்கிறது. தாத்தா வீட்டுக் கூடத்து ஜன்னலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டாக நாலு கதவு இருந்தன. கீழ்க் கதவைச் சாத்தினால் தெருவில் போகிறவருக்கு நாம் படுத்திருப்பது தெரியாது. மேல் கதவு வழியே காற்று வந்துகொண்டிருக்கும். அதே நாலு கதவு ஜன்னலைச் செய்யச் சொன்னபோது ஆசாரி, “இது ஆன்டிக் டிசைன் சார், ரேட் கூட ஆகும்” என்றார். கொடுத்தேன். காரைக்குடியில் பழைய வீட்டு மரங்கள் விற்கிற கடையில் இரண்டு திண்ணைத் தூண்களும் வாங்கினேன். விலையைக் கேட்டதும், 2004இல் நாங்கள் எடைக்குப் போட்ட தூண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

புத்தகத்தில் இல்லாத ஒரு சிக்கல் திருச்சிக்கு உண்டு. வெயில் மேற்கிலிருந்து வருகிறது. ஆடிக் காற்றும் மேற்கிலிருந்தே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து காவிரியோடு கூடவே வருகிற காற்று அது. மேற்கை முழுக்க அடைத்தால் வெயிலோடு காற்றும் போச்சு. அதனால் மாடிப்படி இருக்கும் இடத்தில் மட்டும் சுவருக்குப் பதிலாக, ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டும் செங்கல் ஜாலி வைத்தேன். நிழலும் காற்றும் சேர்ந்து வரும் என்பது திட்டம். வந்தன. கூடவே ஆடி மாதத்துப் புழுதியும் வந்தது. பிறகு புறா வந்தது. ஜாலியின் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புறாவுக்கு இலவச வீட்டு மனை. வலை கட்டினோம். வலையில் தூசி அடைத்துப் பாதிக் காற்று நின்றது. என் மனைவி ஆடி முழுக்க ஒரு துடைப்பத்தோடு அந்தப் படிக்கட்டில் நின்று என்னைப் பார்க்கிற பார்வையை எந்தக் கட்டட விதியும் அளக்கவில்லை. மறுபடி கட்டினால் ஜாலிக்குப் பதில் மரக் கதவு வைத்த பெரிய ஜன்னல் வைப்பேன், வேண்டும்போது சாத்தலாம்.

முற்றத்திலும் நான் நினைத்தது நடக்கவில்லை. “மழையில அடுக்களைக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் போகணுமா? உங்க பாட்டி போனாங்கன்னா அவங்களைக் கேட்டா போட்டாங்க?” என்றாள் மனைவி. பதில் சொல்ல வழியில்லை. நடுக்கூடத்துக் கூரையை மூன்றடி உயர்த்தி, மேலே மூடி, நாலு பக்கமும் காற்றுப் போக வழி விட்டோம். சூடு மேலே ஏறி வெளியேறுகிறது, வெளிச்சம் இறங்குகிறது, கொசுவுக்கு வலை இருக்கிறது. முற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் சமையலறை இந்த வீட்டில் வடகிழக்குப் பக்கம், இரண்டு சுவரில் ஜன்னல், மேலே புகை இழுக்கிற விசிறி. அக்கினி மூலை தென்கிழக்கு என்று அக்கா முறைத்தாள். அந்த ஒரு வாதத்தை என் மனைவி நடத்தினாள், ஜெயித்தாள்.

சோலார் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அதைக் கடைசியில், 2024இல் போட்டேன். அந்த வருஷம் பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் நாலு யூனிட் கிடைக்கும். பேனல் போட்ட இரண்டாம் வாரம் ஒருநாள் பதினோரு மணிக்குத் தெருவில் கரண்ட் போனது. நான் பெருமையாக மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். அதுவும் நின்றிருந்தது. உச்சி வெயில் கொளுத்துகிறது, தலைக்கு மேலே மூன்று கிலோவாட் பேனல், வீட்டில் கரண்ட் இல்லை. மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், அந்தக் கம்பி செத்தால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாயும். நியாயமான விதிதான். விற்றவர் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பேட்டரி வேண்டுமென்றால் அது தனிச் செலவு. ஒரு லாபம் மட்டும் கேட்காமலே கிடைத்தது: பேனல் கூரைக்கு நிழல்.

உண்மையில் பில்லைக் குறைத்தது இதைவிடச் சாதாரண விஷயங்கள். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள் அடங்கும். ஆறு விசிறி, வருஷத்தில் பத்து மாதம், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது நம் ஊரில் ஒரு கலை. 501ஆவது யூனிட் ஓடிவிட்டால், 101 முதல் 200 வரை மலிவாகக் கிடைத்த யூனிட்டுக்குக்கூட இரு மடங்கு விலை. முதல் வீட்டில் சித்திரை வைகாசி பில்லில் நாங்கள் ஆயிரம் யூனிட்டைத் தாண்டுவோம். இங்கே பேனல் போடுவதற்கு முந்தைய கோடையிலேயே 430. ஏசி ஓடியது, ஆனால் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை. அதற்குமேல் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் கிளம்பும்போது அந்தப் பெண்தான் மறுபடி கேட்டாள். “சார், குறைஞ்ச செலவுல அதிக பலன் கொடுத்தது எது?”

எலிப்பொறிச் சுவரையும் ஓடு பதித்த கூரையையும் சொல்வேன் என்று எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள். கார் நிறுத்துமிடத்தின் கூரையை அண்ணாந்து காட்டினேன். அதற்கு டைல்ஸ் போடப் பணம் இல்லை. சுண்ணாம்பு மட்டும் அடித்திருக்கிறேன், வருஷத்துக்கு ஒரு தடவை. வெயிலில் ஒருவர் ஏறி அதன்மேல் ஒரு உள்ளங்கையையும், பக்கத்து வீட்டுச் சிமெண்ட் கைப்பிடிச் சுவரில் இன்னொரு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தால் போதும். ஒரு பையன் வைத்துப் பார்த்தான். சிமெண்டிலிருந்து கையை உதறி எடுத்தான். அந்தப் பெண் இதை எழுதிக்கொள்ளவில்லை. படிப்புக்குச் சுண்ணாம்பு போதாது போலிருக்கிறது.

உங்களுக்கு வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் பசை கலந்து, கூட்டிக் கழுவிய தளத்தில் இரண்டு பூச்சு. வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக்காரர் தடுக்க மாட்டார். பங்குனி முடிவதற்குள் அடித்துவிடுங்கள்; சித்திரை பிறந்தபின் பகலில் மாடியில் கால் வைக்க முடியாது.